மணிக்கு விலை என்ன கொடுத்தார்கள்?

கேள்வி: மாத்தளை மாவட்டத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குச் சீகிரியாவை விட்டால் வேறு என்ன வேலை?

பதில்: சீகிரியாவில் காசியப்ப மன்னனின் பெயராவது தெரியும். தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் துயில்பவர்களுக்குப் பெயரே இல்லை. ஆய்வாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் அவர்கள்தான்!

1980களில் களனிப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அங்கே அகழ்ந்தார்கள். பிறகு ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தாரும் கைகோத்தார்கள். கற்பலகைகளை நாற்புறமும் நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த கல்லறைகள்; உள்ளே தாழிகளும் சாம்பலும். காலம் ஏறத்தாழ கி.மு. 700 முதல் 400 வரை. காசியப்பனுக்கே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தவர்கள்.

அங்கே கிடைத்த சூதுபவள மணிகள்தான் பெரிய புதிர். மாணிக்கமும் நீலமும் விளையும் தீவு இலங்கை. ஆனால் இந்தச் சிவப்புக் கல் இந்தியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. தமிழ்நாட்டின் கொடுமணலிலும் இத்தகைய கல்லறைகளும் சூதுபவள மணிகளும் உண்டு. கடலுக்கு இவ்வளவு தள்ளி, காட்டுக்குள் வாழ்ந்தவர்களிடம் அதை யார் கொண்டுவந்து சேர்த்தார்கள்? பதிலுக்கு எதை வாங்கிப் போனார்கள்?

இரும்பாக இருக்கலாமோ? சீகிரியாவுக்கு அருகே அலகொலவெவயில் ஸ்வீடன் நாட்டவரின் ஒத்துழைப்போடு பழைய இரும்புருக்கு உலைகள் தோண்டியெடுக்கப்பட்டன. ஆனால் அவை இந்தக் கல்லறைகளுக்குப் பிந்தியவை. அதனால் விலைப்பட்டியலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.