பேர்ச் நானா

கற்பிட்டியில் படகேறினால்தான் எங்கள் உச்சமுனைத் தீவு. இந்தப் படகில் ஏறி நகரம் எங்கே வரப்போகிறது என்று இருந்தோம். வந்துவிட்டது. ஒரு கையில் சப்பாத்து, மறு கையில் ஃபைல், முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தே வந்துவிட்டது.

காணித் தரகர்தான். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். நான் வைத்த பெயர் பேர்ச் நானா. கற்பிட்டிக் கடலின் 14 தீவுகளைச் சேர்த்துச் சுற்றுலா வலயமாக்கப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. அதோடு முளைத்த இனம் இது. அதற்கு முன் இங்கே, "அந்தத் தாழை வரைக்கும் நம்மட" என்றால் எல்லை முடிந்தது. நானாவுக்கு அது செல்லாது. 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஜனாஸாவுக்கு வந்தாலும் மையவாடிக்கு முகப்பு எத்தனை அடி என்றுதான் அவர் கண் போகும்.

அவர் பார்வையே வேறு. நமக்குக் கருவாட்டு வாடி, அவருக்கு ரெஸ்டோரன்ட். வலை காயும் மணல், நாலு கபானா. "கரையைக் கடல் அரிக்குதே நானா?" என்றால், "காணி குறையும் தம்பி, கடல் பார்த்த முகப்பு குறையாதே" என்பார். இதற்கு யார் என்ன பதில் சொல்வது?

சோழகக் காற்று அடித்தால் படகு இறக்க முடியாமல் நாங்கள் கரையில் குந்தியிருப்போம். நானாவுக்கு அதுதான் அறுவடை. காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் பறக்க வெள்ளைக்காரன் கற்பிட்டிக்கு வருவதே அந்தக் காற்றுக்காகத்தான். "நீங்க திட்டுற காத்தை நான் விக்கிறன்" என்பார், பெருமையாக. காணி உறுதி மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் ஃபைலை இன்னும் இறுக்கி அணைத்துக்கொள்வார்.

போன முறை வலை பொத்திக்கொண்டிருந்த மூத்தாப்பாவிடம் மாட்டிக்கொண்டார். "இந்த மணலுக்குக் கொழும்பில இருந்து யாருடா வரப்போறான்?"

நானா நிமிர்ந்தார். "மூத்தாப்பா, 2017இல கொழும்பு மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிஞ்சிச்சே, ஞாபகமா? அதுக்குப் பொறகு என்ன நடந்திச்சு? அந்தக் குப்பை இங்க வேணாம் எண்டு புத்தளத்தில எவ்வளவு ஆர்ப்பாட்டம்! இருந்தும் 2019இல கொழும்புக் குப்பை புத்தளத்து அருவக்காட்டுக்கு வந்திட்டா இல்லையா? குப்பையே 170 கிலோமீட்டர் வந்திச்சு. ஆக்கள் வராமப் போவாங்களா?"

மூத்தாப்பா ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார்.

"சரிடா. அந்தக் குப்பைக் காணிக்குக் கொமிசன் எடுத்தது நீயா?"

நானா வாயைத் திறந்தார், மூடினார். அத்தனை ஏக்கர் அவர் கைபடாமலே கைமாறியிருக்கிறது. குப்பை வந்ததற்காக ஒருவர் இவ்வளவு மனம் நொந்ததை நான் புத்தளத்து ஆர்ப்பாட்டத்தில்கூடப் பார்த்ததில்லை.