கடையைந்து வள்ளல்கள்

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியையும் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனையும் பாடிய தமிழ், நம் இடுப்பிலேயே குடியிருக்கும் ஐந்து வள்ளல்களைப் பாடாமல் விட்டது பெருங்குறை. பாரி முல்லையைப் பார்த்த பிறகுதான் கொடுத்தான். இவர்கள் ஆள் பார்ப்பதில்லை, நேரம் பார்ப்பதில்லை. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவனுக்கும் அள்ளிக் கொடுப்பார்கள். தும்மியவனுக்கும் உண்டு.

முதுகுத்தண்டில் மொத்தம் 33 முள்ளெலும்புகள். கழுத்தில் உள்ள ஏழுக்கும் என்ன பெரிய வேலை? ஐந்து கிலோ தலையைத் தாங்கி, கேட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஆட்டுவது. மார்புக்குப் பின்னால் இருக்கும் பன்னிரண்டும் விவரமானவை. இரு பக்கமும் விலா எலும்புகளைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக நிற்கும். கீழே, திரிக எலும்பின் ஐந்து துண்டுகளும் இளமையிலேயே ஒன்றாக ஒட்டிக்கொண்டு, இனி அசைவதில்லை என்று முடிவெடுத்துவிட்டன. அதற்கும் கீழே இருப்பது வால் என்ற பழைய பதவியின் ஓய்வூதியம். நடுவில் உள்ள நம் ஐவர் மட்டும்தான் விலாவின் தயவும் வேண்டாம், ஒட்டிக்கொண்டு பிழைக்கும் கோழைத்தனமும் வேண்டாம் என்று, தசைகளை நம்பி வெட்டவெளியில் நிற்கிறார்கள். தலை, கைகள், மார்பு, வயிறு, மதியம் உள்ளே போன பிரியாணி எல்லாம் அவர்கள் மேல்தான். தன்மானம் என்றால் இதுவல்லவா!

தோற்றத்திலும் குறை சொல்ல முடியாது. முதுகெலும்பில் அசையக்கூடிய துண்டுகளிலேயே பெரிய உடம்பு இவர்களுடையது. மேலிருந்து பார்த்தால் சிறுநீரகத்தின் வடிவம். பின்னால் கோடரித் தலைபோல் தட்டையான முள். இவ்வளவு பெரிய ஆட்களாயிற்றே, தாங்குவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டால் அது அவர்கள் குற்றமா?

மேலிருந்து எல்-1, எல்-2 என்று வைத்தியர்கள் எண்ணும் இந்த ஐவரில் கடைக்குட்டியான எல்-5 மேல் எனக்குத் தனி மரியாதை. சுமையில் பெரும்பங்கு அவருக்குத்தான். அதிகச் சுமை இறங்கும் இடத்தில் தளம் மட்டமாக இருக்க வேண்டும் என்பது சாதாரணக் கொத்தனாரின் அறிவு. இயற்கை அவ்வளவு சாதாரணமாக யோசிக்கவில்லை. எல்-5 உட்காரும் திரிக எலும்பின் மேல்தளத்தை முன்பக்கமாகச் சரித்து வைத்திருக்கிறது. சரிவில் வழுக்காமல் இருக்க, பின்பக்கத்து மூட்டுகள் கொக்கிபோல் பிடித்துக்கொள்கின்றன. அந்தக் கொக்கிக்கும் எலும்பின் மற்ற பகுதிக்கும் நடுவே இருப்பதோ மெல்லிய ஒரு எலும்புப் பாலம். முழு உடம்பும் நம்பியிருக்கும் இடத்தில் எவ்வளவு சிக்கனம்! பாலத்தில் விரிசல் விட்டால் எல்-5 சில பேருக்கு மெல்ல முன்னால் நகர்ந்து, முதல்முறையாகக் கொஞ்சம் சுதந்திரத்தை அனுபவிக்கிறார்.

மூட்டுகளின் கண்டிப்பையும் சொல்ல வேண்டும். இடுப்புப் பகுதியில் அவை நெட்டுவாக்கில் நிற்பதால் முன்னும் பின்னும் வளையலாம். திருகுவதற்கு அனுமதி மிகக் குறைவு. ஓடி வந்து, பின்னால் வளைந்து, பக்கவாட்டில் ஒடிந்து, அதே நொடியில் திருகியும் பந்து வீசுகிறவர்கள் இந்தச் சட்டத்தை மதிப்பதில்லை. வலக்கை வீச்சாளருக்கு விரிசல் பெரும்பாலும் இடப்பக்கத்தில் விழுகிறது. உழைத்த கை ஒரு பக்கம், சன்மானம் மறுபக்கம். 1973இல் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்குக் கிடைத்தது; 2019இல் நம் பும்ராவுக்கும் கிடைத்தது. ஐவருக்கு நாட்டுப் பாகுபாடு கிடையாது.

இனி எலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகள். நம் ஊரில் 'ஜவ்வு' என்பார்கள். சுற்றிலும் நார் வளையங்கள், நடுவில் கூழ். இளமையில் அந்தக் கூழில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். பகல் முழுதும் சுமை அழுத்த அழுத்த நீர் கசிந்து, மாலைக்குள் நம் உயரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூடக் குறையலாம். இரவில் படுத்தால் திருப்பித் தந்துவிடுகிறது; இந்தக் கணக்கில் மட்டும் நாணயம். வளர்ந்த பின் வட்டின் நடுப்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தகட்டின் வழியாக ஊறி வருவதைக் கொண்டே காலம் தள்ளுகிற தவசி அது. ரத்தமே போகாத இடம் கிழிந்தால் எப்படி ஆறும் என்று கேட்பது பக்தர்களுக்கு அழகல்ல.

வட்டு பின்னால் பிதுங்காமல் தடுக்க மேலிருந்து கீழ்வரை ஒரு நார்ப்பட்டை உண்டு. மேலே, சுமை குறைந்த இடங்களில், அது அகலமாக இருக்கிறது. இடுப்புக்கு வந்ததும், காவல் மிகவும் தேவைப்படும் இடத்தில், குறுகி நடுவில் மட்டும் ஓடுகிறது. ஆகவே கூழ் நடுவிலும் போகாமல், ஓரமாக, சரியாக நரம்பு போகும் வழியாகப் பார்த்து வெளியே வருகிறது. திட்டமிட்டாலும் இந்தத் துல்லியம் வராது. இதிலும் ஒரு நயம் உண்டு. எல்-4க்கும் எல்-5க்கும் நடுவில் உள்ள வட்டு பிதுங்கினால், அந்த வாசலில் வெளியேறும் நான்காம் நரம்பு பெரும்பாலும் தப்பிவிடும். கீழ்வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஐந்தாம் நரம்புதான் அகப்படும். பிதுங்கியது இடுப்பில், மரத்துப்போவது கால் பெருவிரல். பாதிக்கப்பட்டவர் செருப்புக் கடையில் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருப்பார். இந்தக் கைவேலையை வைத்தியர்களே வெகுகாலம் கட்டி என்று எண்ணினார்கள். கட்டியல்ல, உடைந்த வட்டுதான் என்று பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் அறுவைச் சான்றுகளோடு எழுதியது 1934இல்.

நேர்மையாகப் பாராட்ட வேண்டியதும் ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. தண்டுவடம் எல்-1, எல்-2 அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் என்று பெயர் பெற்ற நரம்புக் கற்றைதான். அதனால்தான் எல்-3க்குக் கீழே தண்டுவடத்தைக் குத்திவிடும் பயமில்லாமல் ஊசி செலுத்த முடிகிறது. சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி இந்தத் தயவில்தான். 1898இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர், உதவியாளரைக் கொண்டு தன் முதுகிலேயே இதைச் சோதித்தார். ஊசி பொருந்தாமல் திரவம் ஒழுகிப்போனது. பிறகு உதவியாளருக்கு அவர் போட்டுவிட்டார். மருந்து வேலை செய்தது; இருவருக்கும் தலைவலி வந்தது. வள்ளல்களின் வீட்டில் வெறுங்கையோடு யாரையும் அனுப்பும் வழக்கமில்லை.

இவ்வளவு கொடுத்தும் காரணம் சொல்லிக்கொள்ளாத அடக்கத்தை எப்படிப் புகழ்வது? கீழ்முதுகு வலிகளில் பத்தில் ஒன்பது எதனால் என்று திட்டமாகச் சொல்ல முடியாதவை. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்பீர்கள். 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா வட்டுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். மற்றவர்கள் பிதுங்கிய வட்டோடு நிம்மதியாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். பிதுங்கியவனை விட்டுவிட்டு ஒழுங்கானவனைக் கூப்பிட்டுக் கொடுக்கும் இந்த ஈகை கடையெழு வள்ளல்களுக்கும் கைவராதது. 2020இல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்ததாக மதிப்பீடு.

ஆனாலும் பெயர் வாங்கும் ஆசை இவர்களுக்குத் துளியும் இல்லை. பிதுங்கி வந்த கூழை உடம்பே பல நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தானாகவே தணிகிறது. அந்த வாரத்தில் யார் எண்ணெய் தேய்த்தாரோ, யார் பெல்ட் விற்றாரோ, யார் மெத்தையை மாற்றச் சொன்னாரோ, புகழ் முழுவதையும் அவருக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.