கடைசல் கருவிகளின் பெயர்கள்: கேள்வி-பதில்

‘லெஃப்ட் டர்ன்’ எடுக்கும் ஓட்டுநருக்கும் கடைசல் பட்டறைக்கும் என்ன உறவு?

சொல் உறவு. கிரேக்க மொழியில் ‘டோர்னோஸ்’ என்பது வட்டம் வரையும் கருவி. லத்தீனில் அது ‘டோர்னுஸ்’ ஆகிக் கடைசல் எந்திரத்தைக் குறித்தது. ‘டோர்னாரே’ என்றால் கடைதல். அதிலிருந்து பிறந்ததே ‘டர்ன்’. ‘டூரிஸ்ட்’டும் அதே குடும்பம்தான்.

குழிந்த வாயுள்ள ‘கௌஜ்’ உளி மரத்தைக் கொத்துமா, கடையுமா?

செய்வது கடைசல், பெயரில் இருப்பது கொத்தல். பிற்கால லத்தீனில் ‘குல்பியா’, ‘குபியா’ என்று வழங்கிய இச்சொல் கெல்டிக் மொழியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. பழைய ஐரிஷ் மொழியில் ‘குல்பா’ என்றால் பறவையின் அலகு. ஸ்பெயினில் இந்த உளி இன்றும் ‘குபியா’தான்.

‘ஸ்கியூ’ உளி ஏன் நேராக நிற்பதில்லை?

நேராக நின்றால் அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? விலகுதல், ஒதுங்குதல் என்ற பொருளுள்ள பழைய வட பிரெஞ்சுச் சொல்லின் வழியில் வந்தது ‘ஸ்கியூ’. சாய்ந்த வாய் மர நாரைச் சீவிச் செல்வதால், தேர்ந்த கையில் உப்புத்தாளுக்கு வேலை குறைவு.

‘சக்’ என்றால் ஆங்கிலத்தில் எறிவது. மரத்தைப் பிடித்துக்கொள்ளும் உறுப்புக்கு அந்தப் பெயரா?

ஒலி ஒன்று, சொல் வேறு. இந்தச் ‘சக்’ கட்டை என்னும் பொருளுள்ள ‘சாக்’ என்பதன் மாற்று வடிவம். குடைந்த மரக்கட்டையே பிடிப்பானாகவும் பயன்பட்டது. இன்று அது எஃகாகிவிட்டாலும் பெயர் மாறவில்லை.