கப்பலேறப் போற மருமகனுக்கு

வாடா மருமகனே, உக்காரு. காலையில மண்டிப் பக்கம் வந்தேன். "மொதலாளி குடும்பத்தோட கப்பல்ல டூர் போறாக"ன்னு ஒங் கணக்குப்பிள்ள சொன்னான். இந்த வருசம் சின்ன வெங்காயம் யாரை அழவச்சுச்சு, யாரைச் சிரிக்கவச்சுச்சுன்னு அப்பவே வெளங்கிருச்சு.

போய்ட்டு வா, வேணாங்கல. ஆனா திண்டுக்கல்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? எந்தத் திக்குல போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல போனாத்தேன் உப்புத்தண்ணி. நாம பாத்த பெரிய தண்ணி ஆத்தூர் காமராசர் அணை. நாம ஏறுன பெரிய கப்பல் கொடைக்கானல் ஏரி பெடல் போட்டு. அதுலயும் பொண்டாட்டிய மிதிக்க விட்டுட்டு, நீ கடலையக் கொறிச்சுக்கிட்டு உக்காந்திருந்த ஆளு. அதனால ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போ. எம்மகன் புண்ணியத்துல நீ போற கப்பல்ல நானும் ஏறி எறங்குனவந்தேன்.

சென்னையில நீ ஏறப் போற எம்பிரஸ் கப்பலப் புதுப்பொண்ணுன்னு நெனச்சுக்காத. 1990-ல பிரான்சு தேசத்து செயின்ட் நசேர்ல கட்டினது. அப்ப பேரு நார்டிக் எம்பிரஸ். ராயல் கரீபியன் கம்பெனிக்காரன் வகையறா அமெரிக்கா பக்கம் ஓட்டி ஓஞ்சு, கொரோனாவுல ஊரு ஒலகக் கப்பலெல்லாம் கரையில கெடந்த நேரத்துல கைமாறி, கார்டீலியாங்கிற கம்பெனி மூலமா நம்ம பக்கம் வந்து சேந்துச்சு. 2022 ஜூன்ல முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையில கொடியசைச்சு அனுப்பி வச்சாரு. நீளம் 210 மீட்டர் சொச்சம். ஆயிரத்து எண்ணூறு பேரு வரைக்கும் ஏறலாம். உனக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. மலைக்கோட்டை பாதிப் படியில உனக்கு மூச்சு முட்டுது, அது பாவம் வங்காள விரிகுடாவையே ஏறி எறங்குது.

வேகத்தப் பத்திப் பெருசா பேசிக்கிட்டுத் திரியாத. ஓட்டமா ஓடுனாலும் 19 நாட். நம்ம கணக்குல மணிக்கு 35 கிலோமீட்டர். வத்தலக்குண்டு பஸ்காரன் ஹாரன் அடிச்சே அதை ஓரங்கட்டிருவான்.

ரூம் புக் பண்றப்ப ஏஜெண்டு படத்தக் காட்டுவான். சன்னலே இல்லாத உள் ரூமு, கண்ணாடி வச்ச ரூமு, பால்கனி ரூமுன்னு வெல ஏறிக்கிட்டே போகும். ஒசரமான மாடி, கப்பலோட மூக்கு நுனியில ரூமுன்னா பவுசா இருக்கும்னு உம் புத்தி போகும். போகவிடாத. அலையில கப்பலு மூக்கையும் வாலையும் தூக்கித் தூக்கிப் போடும். நடுவுல, அதுவும் கீழ்த்தட்டுல ஆட்டம் கம்மி. தண்ணிக்கு அடியில ரெண்டு பக்கமும் றெக்க மாதிரி ஒண்ணு நீட்டி ஆட்டத்தக் கொறைக்கிறாங்கிறது நெசந்தேன். கொறைக்கும், நிறுத்தாது. அதனால நடு வயித்துல, சல்லிசான ரூமாப் பாத்துப் போடு. தூங்குறதுக்கு எதுக்குடா சன்னலு? கடல் பாக்க மேல்தட்டு இருக்கு. அங்க போறதுக்குத் தனியா டிக்கெட்டு இல்ல.

இதத்தேன் உனக்குச் சொல்லணும்னு இருந்தேன். நீ காசு கட்டுறது கடலுக்கு. ஏறுன நிமிசத்துலருந்து கடல நெனக்கவே விடாம பாத்துக்கிறதுக்கு அங்க பெரிய ஏற்பாடே இருக்கு. பாட்டு, ஆட்டம், மேஜிக்கு, நீச்சக்குளம், கடை, சூதாட்ட மேசை. ஒரு மூலையில செவுத்தப் பாத்து உக்காந்து ஸ்லாட் மிசினுக்குக் காசு ஊட்டிக்கிட்டு இருந்தாக சில பேரு. முதுகுக்குப் பின்னால சூரியன் கடலுக்குள்ள எறங்குது, ஒருத்தன் திரும்பல.

வாந்திக்கு வருவோம். காதுக்குள்ள நம்மள நேரா நிக்க வைக்கிற உறுப்பு ஒண்ணு இருக்கு. அது 'ஆடுது ஆடுது'ங்கும். கண்ணு ரூமுச் செவுத்தப் பாத்துட்டு 'ஒண்ணும் ஆடல'ங்கும். ரெண்டு பேரும் போடுற சண்டையில வயிறு தண்டம் கட்டும். அந்த நேரத்துல படுத்துக்கிட்டு போனைத் தடவாத. எந்திரிச்சு மேல போயி, வானமும் கடலும் ஒட்டுற கோட்டப் பாரு. கண்ணும் காதும் ராசியாயிரும். மாத்திரை வேணும்னா ஏறுறதுக்கு முந்தியே டாக்டரைக் கேட்டுப் போட்டுக்க. கொடல் கிளம்புன பெறகு போடுற மாத்திரை கடலுக்குத்தேன் பிரயோசனம். வெறும் வயித்தோட போனா வாந்தி வராதுன்னு எவனாச்சும் சொன்னா நம்பாத. அதுக்காக அண்டா நெறைய அமுக்கிட்டும் போகாத.

எங்கக்காவையும் கூட்டிட்டுப் போறியாம். நல்ல புள்ள. ஆனா ஒங்காத்தா பெட்டிய நீ ஒருக்கா தொறந்து பாத்துரு. கரண்டு கெட்டிலு, இஸ்திரிப் பெட்டி, அஞ்சு நாளைக்குப் புளிச்சோறு எல்லாம் இருக்கும். வெளிச் சாப்பாட்ட பொதுவா உள்ள விட மாட்டாக. சூடேத்துற சாமான் எதையும் விடவே மாட்டாக. அதுல கோவிக்க ஒண்ணுமில்ல. நடுக்கடல்ல முழுகிறத விடப் பெரிய பயம் தீயி. நம்ம சனங்க மலேயா, சிங்கப்பூருக்குப் போய் வந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் தெரியுமா? 1985 பிப்ரவரியில நடுக்கடல்லயே தீப்பிடிச்சு எத்தனையோ பேரு போய்ட்டாக. சென்னைக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடந்த பயணிக் கப்பல் காலம் அதோட முடிஞ்சுது. பொழப்பத் தேடிப்போன சனங்க, அதுக்கு முந்தி ராஜுலாங்கிற கப்பல்ல மேல்தட்டுல பாய விரிச்சுப் படுத்துக்கிட்டே பினாங்கு வரைக்கும் போனாக. 1926-ல கட்டுன கப்பல் அது. அவுகளுக்கு சன்னலும் இல்ல, செவுரும் இல்ல. கடல முழுசாப் பாத்தவுக அவுகதேன், வேண்டாம் வேண்டாம்னாலும்.

பெட்டிக்கு நம்மூரு பூட்டப் போட்டுக்க. ஆனா ரூமு கதவுக்கு மாங்காப் பூட்டத் தூக்கிக்கிட்டுப் போய் என் மானத்த வாங்காத. புவிசார் குறியீடு வாங்குன பூட்டுன்னாலும் அங்க மாட்டுறதுக்குக் கொண்டி கெடையாது. ஒரு அட்டை குடுப்பாக. அதுதேன் சாவி, அதுதேன் அடையாளம், அதுதேன் பணப்பை. எங்க நீட்டுனாலும் 'கிங்'குன்னு சத்தம் கேக்கும், காசு போறது கண்ணுக்குத் தெரியாது. மண்டியில பத்து ரூபா வித்தியாசத்துக்கு ரெண்டு மணி நேரம் வாய்ச்சண்டை போடுற பய நீ. அந்தக் 'கிங்'குக்கு முன்னால சாமி வந்தவனாட்டம் நின்னுராத.

சாப்பாடு டிக்கெட்டுலயே சேத்தி. சாராயம், இன்டர்நெட்டு, சில பெசல் ஓட்டலு, வேலைக்காரவுகளுக்குன்னு நாள் கணக்குல போடுற சேவைக் கட்டணம் எல்லாம் தனி. எது சேத்தி, எது தனின்னு ஏஜெண்டுகிட்ட எழுத்துல வாங்கிரு. ஓசின்னு ஒருத்தன் சொன்னா ஏன்னு கேக்கணும். அந்தக் காலத்துல கொழும்புக்குப் போறவுக நம்ம ஊரு வழியா ரயில்ல தூத்துக்குடி போயி அங்கதேன் கப்பலேறுவாக, பாம்பன் பாலம் வராத காலம். 1906-ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சாருல்ல? அவரைக் கவுக்குறதுக்கு வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டக் கொறச்சான், பெறகு ஓசிங்குறான், அதுக்கும் மேல ஆளுக்கொரு குடையும் குடுத்தான்னு சொல்லுவாக. அன்னிக்கு நீ இருந்திருந்தா குடைக்காகவே ரெண்டு தடவ கொழும்பு போய் வந்திருப்ப. தெரியாதா உன்னை எனக்கு?

பிரியாணி கேட்டு மூஞ்சியத் தூக்காத. சீரகச் சம்பா வாசம் அங்க வராது. நீட்டு அரிசியப் போட்டுப் பிரியாணின்னு பேரு வச்சிருப்பாக. தட்டக் குடுத்து எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கன்னா நம்ம ஆளுகளுக்குக் கையி நிக்காது. ஒண்ணு செய்யி. மொதல்ல தட்டில்லாம ஒரு சுத்து சுத்திப் பாரு, பெறகு எடு. சாப்புடுறதுக்கு முந்தி சோப்புப் போட்டுக் கையக் கழுவு. அத்தன பேரு ஒரே கரண்டியப் புடிக்கிற எடம். ஒருத்தனுக்கு வயித்தால போச்சுன்னா ஊருக்கே போகும்.

இப்ப சொல்றத மட்டும் வெளையாட்டா எடுத்துக்காத. கப்பல் கெளம்புறப்ப எல்லாரையும் கூப்புட்டு, உயிர்காக்குற சட்டைய எப்படி மாட்டுறது, எந்த எடத்துல வந்து கூடுறதுன்னு சொல்லிக் குடுப்பாக. நீ ரூமுல படுத்துக்கிட்டு 'அதெல்லாம் தெரியும்'ப. 2012 சனவரியில இத்தாலிக் கரையில கோஸ்டா கான்கார்டியான்னு ஒரு பெரிய கப்பல் பாறையில மோதிச் சாஞ்சுச்சு. 32 பேரு செத்தாக. அன்னிக்குச் சாயங்காலம் ஏறுனவுகளுக்கு இந்தப் பயிற்சியே நடக்கல. எல்லாரும் எறங்குறதுக்கு முந்தி கேப்டன் எறங்கிப் போய்ட்டாரு. அதுக்குப் பெறகுதேன், கப்பல் கெளம்புறதுக்கு முந்தியோ கெளம்புன கையோடயோ பயிற்சி நடந்தாகணும்னு ஒலகத்துக்கே சட்டத்த மாத்தினாக. எங்கக்காளுக்கு அந்தச் சட்டைய நீயே மாட்டிக் காட்டு. ஒங்காத்தா சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, "எனக்கெதுக்கு, நான் மொதல்லயே ஏறிக்கிறேன்"னுதேன் சொல்லும்.

கரை மறைஞ்சதும் போனுல சிக்னல் போயிரும். சில சமயம் கப்பலோட டவரே 'வா வா'ன்னு கூப்புடும். அதுல பேசுனா ஒரு மூட்ட வெங்காயம் போயிரும். போன விமான மோடுல போட்டுட்டு, வெங்காய வெல கேக்காம இருக்க முடியுதான்னு பாரு. எனக்குத் தெரிஞ்சு உனக்கு வர்ற நடுக்கம் கடலால வராது, ஒட்டஞ்சத்திரத்து வெல தெரியாததாலதேன் வரும்.

டிக்கெட்டுல என்ன ஊரு போட்டிருந்தாலும் அதுவே கடைசின்னு நெனக்காத. காத்து, அலை, அரசாங்கம் மூணும் மனசு வைக்கணும். 2022-ல இதே கப்பல் புதுச்சேரி வரைக்கும் வந்தும், உள்ள சூதாட்டம் இருக்குன்னு எதிர்ப்புக் கெளம்பி, அனுமதி இல்லன்னுட்டாக. கரையக் கண்ணால பாத்துட்டே திரும்புனாக சனங்க. மூணு வருசம் கழிச்சு 2025 ஜூலையிலதேன் எறங்க முடிஞ்சுது. அதுவும் கப்பல் ஆழத்துல நிக்க, சின்னப் படகுல ஏத்திக் கரை சேத்தாக. ஐப்பசி கார்த்திகையில இந்தப் பக்கம் புயலுக் காலம், அப்ப எவனாச்சும் சல்லிசா டிக்கெட் குடுத்தா ஏன் சல்லிசுன்னு யோசி.

இலங்கை டிக்கெட்டுன்னா பாஸ்போர்ட்டு வேணும், ஆதார் அட்டைய நீட்டாத. 2023 ஜூன்ல சென்னையிலருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு போக ஆரம்பிச்சாக. ராத்திரி விருந்துக்குக் கோட்டு வேணும்னு தச்சிருக்கியாமே. காங்கேசன்துறையில எறங்கி நல்லூர் கந்தசாமி கோயிலுக்குப் போனா ஆம்பளைக மேல்சட்டையவே கழட்டணும். அதையும் மனசுல வச்சுக்க, தொப்பையக் கொறைக்க இன்னும் நாள் இருக்கு. எங்க எறங்குனாலும் கப்பல்காரன் சொன்ன நேரத்துக்கு அரை மணி முந்தியே வந்துரு. பாண்டியன் எக்ஸ்பிரஸ்ஸத் தவறவிட்டா அடுத்த வண்டி இருக்கு. கப்பலத் தவறவிட்டா, சொந்தச் செலவுல அடுத்த ஊருல போய்ப் புடிக்கணும்.

கடைசி ராத்திரி இருக்கே, அதுலதேன் படிச்சவனும் ஏமாறுவான். பெட்டியக் கட்டி ராத்திரியே கதவுக்கு வெளிய வையின்னுருவாக, அவுகளே கரைக்குக் கொண்டாந்துருவாக. நல்ல வசதின்னு எல்லாத்தையும் உள்ள போட்டு அமுக்கிப் பூட்டி வெளிய வச்சுட்டான் எங்க பக்கத்து ரூமுக்காரன். காலையில பாத்தா இடுப்புல லுங்கி, மேல பனியன், செருப்பு கூட இல்ல. அதோடவே வரிசையில நின்னு எறங்குனான், கையில பில்லு மட்டும் இருந்துச்சு. காலையில போடுற துணி, ஒங்காத்தா மாத்திரை, பாஸ்போர்ட்டு மூணையும் கைப்பையில வச்சுக்க. பில்ல அங்கயே வரி வரியாப் பாரு. கரைக்கு வந்து கத்துனா கடலுக்குக் கேக்காது.

ஊருக்கு வந்த பெறகும் ஒரு நாள், ரெண்டு நாள் தரை ஆடுற மாதிரியே இருக்கும். அது சீக்கில்ல, தானாப் போயிரும். மண்டியில தராசு ஆடுதுன்னு எடை போடுற பையன வஞ்சிராத. ஆடுறது நீதேன்.