300 சொல் அறிக்கை

புனேயின் சாலைகள் மனித உடம்பை என்ன செய்கின்றன, அதற்கு என்ன தீர்வு என்று எழுதித் தரச் சொல்லி அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு உத்தரவு போட்டது, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு தடவைதான். 2024 மே 19 பின்னிரவு, கல்யாணி நகரில் போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் செத்தார்கள். காரை ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டவன் 17 வயதுப் பையன். சில மணி நேரத்திலேயே ஜாமீன் கொடுத்த சிறார் நீதி வாரியம், சாலை விபத்துகள் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதி வா என்றது. நாடே காறித் துப்பியபின் அவனைக் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பியது வேறு கதை.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க வேண்டியவர்கள் இந்தச் சாலைகளுக்குத் திட்டம் போட்ட பெரியவர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கல்யாணி நகரிலிருந்து ஒரு டிராஃபிக் ஜாம் தூரத்தில் கராடி. சாயங்காலம் ஆறரைக்கு பைபாஸ் சௌக்கில் வந்து நில்லுங்கள். ஈயான் ஐடி பார்க் பக்கமிருந்து கம்பெனி பஸ்கள், குறுக்கே தண்ணீர் டேங்கர், பின்னால் கான்கிரீட் மிக்ஸர், நடுவில் ஹெல்மெட்டுக்குள் இருமிக்கொண்டிருக்கும் நம் திருநெல்வேலித் தம்பி. சிவணேயிலிருந்து இங்கே வரவேண்டிய ஆற்றோரச் சாலை பத்து வருஷம் தாண்டியும் முழுசாய் வந்து சேரவில்லை. தூசி மட்டும் தினமும் தவறாமல் வந்துவிடுகிறது.

இந்தக் கூட்டத்தைத் திட்டக்காரர்கள் எண்ணும் விதம் அலாதி. எல்லாவற்றுக்கும் கார்தான் படி. பைக் என்றால் பாதி கார், பஸ் என்றால் மூன்று கார். அந்த பஸ்ஸுக்குள் அறுபது பேர் பிதுங்கிக்கொண்டிருந்தாலும் கணக்குக்கு அது ரோட்டை அடைக்கிற மூன்று கார்தான். நடந்து போகிறவருக்கு இந்தக் கணக்கில் எண்ணே இல்லை. அவர் எண்ணிக்கைக்குள் வரவேண்டுமானால் வண்டியில் அடிபட வேண்டும். அப்போதும் அது வேறு இலாகா, வேறு ரிஜிஸ்டர்.

இதே கராடி வழியாகப் போகும் நகர் ரோட்டில் 2016இல் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை திறந்தார்கள். சில வருஷத்திலேயே கார்களுக்கு இடைஞ்சல் என்று எரவாடா பக்கமிருந்து பெயர்த்தார்கள். கட்டும்போதும் மேம்பாடு, இடிக்கும்போதும் மேம்பாடு. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு ஐம்பது பேர் பைக் வாங்கினால் எத்தனை நுரையீரல், எத்தனை முழங்கால் போகும் என்று இடித்த கையைப் பிடித்து யாராவது கேட்டார்களா?

உடம்பைப் பற்றி நினைக்கவே மாட்டார்கள் என்று சொல்லக் கூடாது, பாவம். லாபக் கணக்குக்கு வேண்டுமென்றால் நினைப்பார்கள். 2017 மெட்ரோ கொள்கைப்படி ஒரு திட்டம் தேற வேண்டுமானால் பொருளாதாரப் பலன் விகிதம் 14 சதவீதம் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் குறையப்போகும் புகையும், நடக்காமல் போகப்போகும் விபத்துகளும் ரூபாயாக மாறி வரவுப் பத்தியில் பவ்யமாக உட்கார்ந்துகொள்ளும். தோண்டிப்போட்ட ரோட்டில் வருஷக்கணக்காய் விழுங்கிய தூசிக்குச் செலவுப் பத்தியில் இடம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் மெட்ரோ ரயிலே இல்லை. மனிதனின் மூச்சை அதில் போய்த் தேடுவானேன்? 2025 நவம்பரில் கராடியிலிருந்து கடக்வாஸ்லா வரை மெட்ரோவுக்கு மத்திய அமைச்சரவை சம்மதித்தது. வரட்டும், கும்பிட்டு ஏறுவேன். அதோடு நகர் ரோட்டின் தலைக்கு மேல் ஷிரூர் வரை தூண் நட்டு இன்னொரு சாலையும் போடப்போகிறார்களாம். மெட்ரோவால் குறைகிற புகைக்கு மேலே ஒரு வாடகை வீடு வேண்டாமா!

மெல்லிய தூசித் துகள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் சட்டம் 40 வரை பரவாயில்லை என்கிறது. பாரதத்துப் பிள்ளைகளுக்கு எட்டு மடங்கு உறுதியான நெஞ்சு போலிருக்கிறது. லண்டனில் பரபரப்பான சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்து ஆஸ்துமாவில் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020இல் மரண விசாரணை அதிகாரி எழுதினார். அதை எழுதவைக்க அந்தத் தாய் வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இங்கே இறப்புப் படிவத்தில் என்ன எழுதுவார்கள்? மூச்சுத்திணறல். எந்த ரோடு, யார் போட்ட பிளான் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

என் கோரிக்கை சின்னது. அந்தப் பையனுக்குக் கொடுத்த வேலையை, பிளானில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். 300 சொல் போதும். கன்சல்டன்டை வைத்து எழுதக் கூடாது. ஏசி அறை கூடாது. கராடிப் பக்கம் சந்தன்நகர் பஸ் ஸ்டாப்பில், ஆறரை மணிக்கு, கைக்குட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு, நின்றபடி எழுத வேண்டும். பஸ் வருகிறவரைக்கும் நேரம் தரலாம்.