ஒரு வாய்தானே!

சீலியாக் நோய் என்றதும் உறவினர்கள் ஆறுதல் சொல்வார்கள்: "அலர்ஜியா? எனக்கும் கத்திரிக்காய் ஆகாது." கத்திரிக்காய் அரிப்போடு விட்டுவிடும். (வேர்க்கடலை அலர்ஜி ஆளையே சாய்க்கும், அது தனிக்கதை.) கோதுமை, பார்லியிலுள்ள குளூட்டன் என்னும் புரதமோ, சீலியாக் உள்ளவரின் நோய் எதிர்ப்பாற்றலை அவருடைய சிறுகுடல் மீதே ஏவிவிடும். உடனே தடிப்போ மூச்சுத்திணறலோ வராது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சத்தமில்லாமல் தேயும். "ஒரு வாய் சாப்பிட்டியே, ஒண்ணும் ஆகலை பாரு!" என்று சித்தி ஜெயித்துவிடுவார். அலர்ஜி மாத்திரையான செட்டிரிசினைப் போட்டுக்கொண்டு பரோட்டாவை முடிக்கலாம் என்பது சித்தப்பாவின் வைத்தியம். ஆனால் இந்த நோய்க்கு இன்றுள்ள ஒரே சிகிச்சை ஆயுள் முழுக்க குளூட்டனை விலக்குவது. அதற்காகச் சப்பாத்தியைத் தள்ளிவிட்டுச் சாம்பார் சாதத்தில் அடைக்கலம் புகுவோர் கவனிக்க: கடைப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.