டப்பா ஆடிட்டர்

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் மற்ற அம்மாக்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள். டப்பா ஆடிட்டரின் கேள்வி வேறு: "தருண் இன்னிக்கு என்ன கொண்டுவந்தான்?"

இவரை எந்தப் பள்ளியும் நியமிக்கவில்லை. சம்பளம், பயணப்படி எதுவும் கிடையாது. ஆனாலும் எல்.கே.ஜி. தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரை, ஒரு செக்‌ஷனில் உள்ள அத்தனை டப்பாக்களின் வரவு செலவும் இவர் மனக்கணக்கில் பதிவாகியிருக்கும். மே மாதம்தான் இவருக்குச் சோதனைக் காலம். தணிக்கைக்கு டப்பா கிடைக்காமல், போகிற இடத்திலெல்லாம் உறவினர் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துக் கை அரிப்பைத் தீர்த்துக்கொள்வார்.

வகுப்பறைக்குள் பெற்றோருக்கு அனுமதி இல்லை. அதனால் தகவல் சேகரிக்கும் வேலை மகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. விசாரணை ஸ்கூட்டரிலேயே தொடங்கிவிடும்.

"தருண் இன்னிக்கு என்ன கொண்டுவந்தான்?"

"நூடுல்ஸ்."

"நேத்து?"

"பிரெட்டு, ஜாமு."

"முந்தாநாள்?"

"ஞாபகம் இல்லம்மா."

"யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல."

ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோனால், "சரி, அப்புறம் படிச்சுக்கோ" என்று விடுகிற அதே அம்மாதான். இதில் மட்டும் வீட்டு வாசல் வரை விடமாட்டார். கடைசியில் குழந்தை எதையாவது சொல்லித் தப்பிக்கும். பல குடும்பங்களின் மானம் ஆறு வயதுக் குழந்தையின் ஞாபக மறதியில் ஊசலாடுவது இப்படித்தான்.

தீர்ப்பு சாயங்காலம் பார்க் பெஞ்சில் வெளியாகும். "நான் ஒண்ணும் தப்பா சொல்லல..." என்று ஆரம்பித்து, "...குழந்தைதான் பாவம்" என்று முடியும். நடுவில் என்ன வந்தாலும் இந்த முதல் வரியும் கடைசி வரியும் மாறாது.

ஆடிட்டரின் சட்டப்புத்தகத்தில் நூடுல்ஸ் ஜாமீனில் வரமுடியாத குற்றம். 2015 ஜூன் மாதம் மேகிக்கு நாடு முழுவதும் தடை வந்ததே, அன்று இவர் முகத்தில் தெரிந்த பூரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நவம்பரில் பாக்கெட் மறுபடி கடைக்கு வந்தது. நீதிமன்றம் விட்டாலும் இவர் விடவில்லை. இவர் வீட்டு அலமாரியிலும் நாலு பாக்கெட் உண்டு. ஆனால் அது "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும், அதுவும் கேரட், பீன்ஸ் எல்லாம் போட்டு." அந்தப் பிரிவுக்கு விலக்கு இருக்கிறது.

பிரெட் ஜாம் என்றால் அம்மா அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார் என்று பொருள். இட்லி உப்புமா என்றால் நேற்று மிஞ்சிய இட்லி. எலுமிச்சை சாதம் என்றால் காய் நறுக்க உடம்பு வணங்கவில்லை. தயிர் சாதம் வாரத்துக்கு இரண்டு நாள் வரலாம். மூன்றாம் நாள் வந்தால், "சளி பிடிக்காதா அந்தப் பிள்ளைக்கு?" தொட்டுக்கொள்ளத் தினமும் உருளைக்கிழங்கு வறுவல் வந்தால் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச இனி ஒன்றுமே இல்லை.

சரி, நன்றாகக் கட்டிக் கொடுத்தால் தப்பிக்கலாமா? நாலு அறை டப்பா வாங்கி, ஒன்றில் நட்சத்திரமாக வெட்டிய கேரட், ஒன்றில் மிளகால் கண் வைத்த குட்டி இட்லி, ஒன்றில் மாதுளை முத்து, ஒன்றில் ஊறவைத்த பாதாம் என்று வைத்தால்? "குழந்தைக்குக் கட்டினதா, இன்ஸ்டாகிராமுக்குக் கட்டினதா?" என்ற கேள்வி வரும். வேலைக்குப் போகிற அம்மா என்றால், "அவளுக்கு எங்க நேரம்?" வீட்டிலிருக்கும் அம்மா என்றால், "வீட்லதானே இருக்கா, ஒரு கூட்டு வைக்க முடியாதா?" சமையலுக்கு ஆள் வைத்திருந்தால், "அம்மா கைப்பக்குவம் வருமா?" மாமியார் சமைத்தால், "பெரியவங்க கஷ்டப்படறாங்க, இவ பேர் வாங்கிக்கறா." ஆக, இந்தத் தேர்வில் இதுவரை பாஸ் ஆன அம்மா யாரும் இல்லை.

அப்பாக்கள் கதை வேறு. என்றைக்காவது அம்மா ஊருக்குப் போயிருப்பாள். அப்பா ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே டப்பாவுக்குள் திணித்து, மூடி மூடாததால் ரப்பர் பேண்டு போட்டு அனுப்பியிருப்பார். ஆடிட்டர் உருகிவிடுவார்: "பாவம், அந்த மனுஷன் ஒத்தையா எவ்வளவு சமாளிக்கறார் பாருங்க!" அதே பிஸ்கட்டை அம்மா வைத்திருந்தால் அலட்சியம். அப்பா வைத்தால் தியாகம்.

இந்த ஆடிட்டர்களில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. முதலாவது சிறுதானியப் பிரிவு. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் இவர்களுக்கு உலக அங்கீகாரமே கிடைத்துவிட்டது. இவர்கள் வீட்டில் வெள்ளை அரிசி உள்ளே வராது. தினைப் பொங்கல், வரகு புளியோதரை, குதிரைவாலி தயிர் சாதம், கறுப்புக் கவுனிப் புட்டு. இவர்களுடைய பாட்டி, நெல்லுச் சோறு கிடைத்த தீபாவளியைப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னவர். பேத்தியோ வெள்ளைச் சோறு கட்டிவரும் வீட்டைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்.

இரண்டாவது லேபிள் பிரிவு. இதில் அப்பாக்கள் அதிகம். சமையலறைப் பக்கம் போகமாட்டார்கள். ஆனால் பாக்கெட்டைத் திருப்பி, செல்போன் டார்ச் அடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பார்கள். சோடியம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று அடுத்த வீட்டுப் பிள்ளையின் ரத்தத்தில் ஏறுவதை வாசலிலேயே கணக்குப் போட்டுச் சொல்வார்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா போன்றவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வரிசையில் வைக்கக்கூடாது என்று இணையக் கடைகளுக்கு உத்தரவிட்டபோது, அந்தச் செய்தியை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை போட்டவர் இந்தப் பிரிவு அப்பா ஒருவர்தான். அவர் வீட்டு அலமாரியில் ஒரு கிலோ டப்பா அப்போதும் இருந்தது. "காசு கொடுத்து வாங்கினது, முடிஞ்சதும் நிறுத்திடலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

மூன்றாவது மூக்குப் பிரிவு. இவர்களுக்குச் சத்து பற்றிக் கவலை இல்லை, வாடை பற்றித்தான். "முட்டை வாடை வருதுன்னு பாப்பா சாப்பிடாமலே வந்துட்டா. நான் யாரையும் சொல்லல, பொதுவா சொல்றேன்" என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நிற்பார்கள். பொதுவாகச் சொன்னது யாரை என்பது அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரம் டைரியில் ஒரு குறிப்பு ஒட்டப்படும்: அசைவ உணவு தவிர்க்கவும். முந்தின நாள் ராத்திரி வைத்த மீன்குழம்பின் ருசி நாக்கில் இருக்க, அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் புதினா சாதத்தோடு பள்ளிக்குப் போகும். மற்ற இரண்டு பிரிவும் டப்பாவைத் திறந்து சோற்றைப் பார்க்கும். இந்தப் பிரிவு சோற்றைத் தாண்டி ஜாதியை எட்டிப் பார்க்கும்.

எல்லாப் பிரிவுக்கும் பொதுவான ஆயுதம் வாட்ஸ்அப். ஆடிட்டர் யார் பெயரையும் குறிப்பிட மாட்டார். இரவு பத்து மணிக்கு, 'உங்கள் குழந்தையின் குடலில் மைதா என்ன செய்கிறது?' என்று ஒரு வீடியோவை அனுப்பி, கீழே கைகூப்பும் பொம்மையும் போடுவார். குழுவில் உள்ள ஒவ்வொரு அம்மாவும் அது தன்னைத்தான் என்று நினைத்துப் புரண்டு படுப்பாள். காலை ஐந்தரைக்கு எழுந்து குக்கர் வைக்கும்போது, பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பது இரண்டாவது யோசனையாகப் போய்விட்டிருக்கும். முதல் யோசனை, யார் பார்ப்பார்கள் என்பது. இப்படி ஊரிலுள்ள பல டப்பாக்கள் பிள்ளைக்காகக் கட்டப்படாமல், பிள்ளையின் பக்கத்து சீட்டுக்காரியின் அம்மாவுக்காகக் கட்டப்படுகின்றன.

பள்ளி வாசலில் கூடை வைத்திருக்கும் பாட்டியையும் ஆடிட்டருக்கு ஆகாது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று 2020-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்ததை அறிந்து வைத்திருப்பார். பாட்டியின் கூடையில் இருப்பதோ உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காயும், அரைநெல்லியும், இலந்தவடையும். எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாலேயே தூரத்தை அளந்து பார்த்துவிட்டுப் போவார்.

இவ்வளவு கண்காணிப்பிலும் ஆடிட்டருக்கு எட்டாத ஒரு சங்கதி உண்டு. மணி அடித்ததும் வகுப்பறையில் நடப்பது முழுக்கப் பண்டமாற்று. ஆடிட்டர் பயபக்தியோடு கட்டிக் கொடுத்த முருங்கைக்கீரை ராகி அடை மூன்றாம் பெஞ்சுக்குப் போகிறது. அங்கிருந்து தருணின் நூடுல்ஸ் இந்தப் பக்கம் வருகிறது. தருணுக்கு ராகி அடை மிகவும் பிடிக்கும், அவன் வீட்டில் செய்யாததால். இரண்டு டப்பாவும் சுத்தமாகக் காலியாகி வீடு திரும்பும். "என் பொண்ணு ராகியைக்கூட மிச்சம் வைக்கமாட்டா. பழக்கறதுல இருக்கு" என்று பார்க் பெஞ்சில் ஆடிட்டர் பெருமைப்படுவார். வகுப்பு மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கமாட்டார். அவருக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளை உண்டு, அந்தப் பிள்ளைக்கும் ஒரு டப்பா உண்டு.

ஆடிட்டரின் அதிகாரம் செல்லாத இடம் தமிழ்நாட்டில் ஒன்று இருக்கிறது. அது சத்துணவுக் கூடம். 1920-இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் மு.க.ஸ்டாலின் காலை உணவையும் தொடங்கிவைத்தார். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. பசி தீர்ந்தது, பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடினார்கள் என்று இந்தத் திட்டங்களின் பலனைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். சொல்லாமல் விட்ட பலன் ஒன்று உண்டு. எல்லாத் தட்டிலும் ஒரே சோறு விழும் இடத்தில் எந்த அம்மாவும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அதோடு முடிந்தது வாடைப் பிரச்சினை.

அங்கேயும் மூக்குப் பிரிவு நுழைந்து பார்க்காமல் இல்லை. சமைப்பவர் எந்த ஜாதி என்று விசாரித்து, "எங்க பிள்ளை சாப்பிடாது" என்று 2018-இல் திருப்பூர் மாவட்டத்திலும், 2023-இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களிலும் பெற்றோர் சிலர் கிளம்பினார்கள். 2023-இல் மாவட்ட ஆட்சியரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். பெற்றோரின் மூக்குக்கு எட்டிய வாடை எதுவும் பிள்ளைகளின் மூக்குக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

அடுத்த வீட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதால் நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கிராம் புரதமும் கூடப்போவதில்லை. எனவே, ஆடிட்டர் அம்மா, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ராகி அடை உண்மையிலேயே அருமை. மூன்றாம் பெஞ்சு முழுக்க அதற்கு ரசிகர்கள். நாளையிலிருந்து தயவுசெய்து இரண்டு அடை சேர்த்து வையுங்கள்.